கடன் இல்லை, அட்வான்ஸ்

போன மாதம் எங்கள் பொருளியல் துறையின் இளம் விரிவுரையாளர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, ஆண்டு மலருக்கு என் பணிக்கால அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் நடத்திவந்த அமெரிக்கப் பொருளாதார வரலாறு என்ற பாடத்தை இந்த வருடத்தோடு நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் தொழில்முனைவு என்று ஒன்றைக் கொண்டுவருகிறார்களாம். செத்துப்போன பாடத்தைப் பெற்றவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசவைப்பது மரியாதை என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். கடைசி வருடம் அந்தப் பாடத்தை எடுத்தவர்கள் மூன்று பேர். ஒருவன் உண்மையான ஆர்வத்தால் வந்தான். ஒருத்தி நேர அட்டவணையில் வேறு வழியில்லாமல் வந்தாள். மூன்றாவது ஆள், அந்த அறையில்தான் ஏசி வேலை செய்கிறது என்று என் முகத்துக்கு நேரே சொன்னான். ஆகவே இந்தச் சாவுக்கு நான் அழப்போவதில்லை.

"மிஸ், கொஞ்சம் பகிடியா எழுதுங்கோ. பொடியள் வாசிக்கோணும்," என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

பகிடியாக, சிரிக்கும்படி எழுத முயல்கிறேன். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அண்மையில் என் ஒரே மகள் டிலானி, கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தால் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டாள். ஒரு ஆள் தான் இருக்கும் இடத்திலிருந்து வெளியேறலாமா, தான் விரும்பிய இடத்துக்குப் போகலாமா என்ற ஒரு கேள்வியைத் தவிர என் தலைக்குள் இப்போது வேறு எதுவும் இல்லை. முப்பது வருடமாக நான் படித்ததெல்லாம் அப்படிக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களைப் பற்றித்தான். என் வீட்டுக்குள் அது நடந்தபோது எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்தாறு வயதில், நேரத்துக்கு முன்பே ஓய்வு பெற்று, திருகோணமலையில் உட்துறைமுகத்தைப் பார்த்த ஒரு வீட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

படித்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவத்துக்குப் பரீட்சைப் புள்ளி காணாததால் பொருளியல் படித்தேன். ஆய்வுக்கு நான் எடுத்த விடயம், அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமை முறை ஒழிந்த பிறகு பருத்தி பயிரிட்ட குடும்பங்களின் கதை. ஏன் அமெரிக்கா என்று எல்லாரும் கேட்பார்கள். உயர்ந்த காரணம் ஒன்றும் இல்லை. அது யுத்த காலம். எங்கள் பக்கத்தில் நிலம், கூலி, ஆட்கள் என்று எதைப் பற்றி எழுதினாலும் ஏதோ ஒரு தரப்பு வீட்டுக்கு விசாரிக்க வரும். அலபாமாவிலிருந்து யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. பருத்திச் செடியை நான் கண்ணால் கண்டதே கிடையாது. எனக்குத் தெரிந்த பருத்தி, காது குடையும் குச்சியின் நுனியில் இருப்பது மட்டும்தான்.

கதை இதுதான். விடுதலை பெற்றவர்களுக்குக் காணி இல்லை. காணிக்காரனின் நிலத்தில் பயிர் செய்தார்கள். அறுவடை வரும்வரை மாவும் காலுக்குச் சப்பாத்தும் மருந்தும் கடைக்காரன் முன்கூட்டியே கொடுப்பான். விளைச்சல் வந்ததும் முதல் உரிமை அவனுக்கு. கணக்கு எழுதுவதும் அவன், விலை போடுவதும் அவன். கணக்கு ஒருநாளும் பூச்சியத்துக்கு வராது. பூச்சியத்துக்கு வராதவன் ஊரை விட்டுப் போக முடியாது. ஒருவரையும் சங்கிலியால் கட்டவில்லை. புத்தகத்தில் ஒரு வரி போதுமாக இருந்தது.

என் ஆய்வை மேற்பார்வை செய்த பேராசிரியர் மெலிந்த மனிதர். எந்நேரமும் கடலை கொறிப்பார். சவர பிளேடால் பென்சில் சீவி, சீவிய தூளை ஒரு பழைய கடித உறைக்குள் தட்டி வைப்பார். அந்தத் தூளை என்ன செய்தார் என்று இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆர்', எங்கள் பேச்சில் 'யார்'. நம் அத்தியாயத்தை அவர் திருப்பித் தரும்போது அதில் பாராட்டும் இருக்காது, ஏச்சும் இருக்காது. ஓரத்தில் பென்சிலால் "யார்?" என்று மட்டும் இருக்கும். "முற்பணம் வழங்கப்பட்டது" என்று நான் எழுதியிருப்பேன். யார்? "கூலி கழிக்கப்பட்டது." யார்? "குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன." யார்? ஒரே பக்கத்தில் பதினொரு யார் வாங்கியிருக்கிறேன்.

"சேர், ஆய்வு நடை அப்பிடித்தானே?" என்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"பிள்ளை, காசு தானா நடந்துபோய் ஒருத்தன்ர பொக்கற்றுக்குள்ள ஏறினதோ?"

"இல்லை சேர்."

"அப்ப ஏத்தினவனை எழுதும்."

ஒப்பந்தப் பத்திரம் வாசிப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அதை நான் ஒவ்வொரு வருடமும் மாணவர்களுக்குச் சொன்னேன். "முன்பக்கத்தில எல்லாரும் நல்லவங்கள். நீர் பின்னுக்கிருந்து வாரும்," என்பார். முதலில் கடைசிப் பக்கம். யார் கையெழுத்து, யாருடைய பெருவிரல், சாட்சி யாருக்குச் சொந்தம்? அதன் பிறகு, விட்டுப் போவதைப் பற்றிய வாசகத்தைத் தேட வேண்டும். இந்த ஆள் நாளைக் காலையில் 'நான் போறன்' என்று சொன்னால் என்ன நடக்கும்? அதற்குப் பிறகு, என்னென்ன கழிக்கப்படும், அதற்கு விலை போடுவது யார் என்று பார்க்க வேண்டும். முன்னுரையை எப்போது வாசிப்பது என்று கேட்டால், "செருப்புப் போடேக்க," என்பார். அவரும் அப்படித்தான் செய்வார். ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டு, பத்திரத்தின் முதல் பக்கத்தை உரக்க வாசித்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

ஒரு புலமைப்பரிசில் கிடைத்து மூன்று மாதம் அமெரிக்காவுக்குப் போய் ஆவணங்கள் பார்த்தேன். ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறை மீன் ஐஸ் பெட்டியைவிடக் குளிர். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்யும் என் கணவரின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்தேன். பக்கம் திருப்பும்போதெல்லாம் கோட்டு சரசரக்கும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை. கைப்பைக்கு அனுமதி இல்லை. பென்சில் ஒன்று, வெள்ளைத் தாள் ஒரு கட்டு.

அங்கே ஒரு தோட்டக் கடையின் கணக்குப் புத்தகம் பார்த்தேன். ஒரு பக்கத்தின் தலைப்பில் ஒரு ஆணின் முதற்பெயர் மட்டும். கீழே: அட்வான்ஸ், மாவு. அட்வான்ஸ், சர்க்கரைப் பாணி. அட்வான்ஸ், சப்பாத்து ஒரு சோடி. அட்வான்ஸ், காய்ச்சல் மருந்து. அதற்கு அடுத்த வரியில்: அட்வான்ஸ், சவப்பெட்டி, சின்னது. அதே மை, அதே சாய்வான கையெழுத்து. அடுத்த வரியில் திரும்பவும் மாவு. நான் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன்.

அந்தப் புத்தகம் முழுவதும் 'கடன்' என்ற சொல் எங்குமே இல்லை. எல்லாம் அட்வான்ஸ். நான் என்ன செய்தேன்? குறிப்பெடுக்கும்போது தமிழில் 'கடன்' என்று எழுதினேன். 'முற்பணம்' என்று ஒவ்வொரு வரியிலும் எழுதப் பென்சிலுக்கும் பொறுமை இல்லை, எனக்கும் இல்லை. கடன் மூன்றெழுத்து. வேலை சுலபம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வரிகளை அப்படியே மாற்றி எழுதிக்கொண்டு, பெருமையோடு ஊர் திரும்பினேன்.

அந்தச் சோம்பலின் பலன் யுத்தம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அப்போது ஒரு சிறிய ஆய்வு நிதி கிடைத்தது. எங்கள் கரையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்து, இறக்கக்கண்டியில் கரைவலை இழுப்பவர்களைத் தேர்ந்தெடுத்தேன். வலையும் தோணியும் சம்மாட்டி என்ற முதலாளிக்குச் சொந்தம். இழுப்பவர்களுக்குப் பங்கு. அலபாமாவில் காணி, இங்கே வலை. நாற்பது கேள்விகளுடன் ஒரு படிவம் தயாரித்து, மாணவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். பதினேழாவது கேள்வி: உங்களுக்குக் கடன் உண்டா?

ஒருவருக்கும் இல்லை. ஒரு ஆள்கூட ஓம் என்று சொல்லவில்லை.

நான் துள்ளிக் குதித்தேன். கடனே இல்லாத தொழிலாளர் சமூகம் ஒன்று, கண்டுபிடித்தது நான். கட்டுரை எழுதினேன். ஒரு ஆய்வரங்கில் வாசித்தேன். ஓய்வுபெற்ற என் பேராசிரியர் முன்வரிசையில் காகிதத்தில் சுற்றிய கடலைச் சரையோடு வந்து இருந்தார். நான் முடித்ததும் கையை உயர்த்தினார்.

"கடனில்லாத மனிசர் ஏன் பிள்ளை வேற வலைக்குப் போறேல்லை?"

"அது ஒரு பண்பாட்டுப் பிணைப்பு சேர்," என்றேன்.

அவர் ஒரு கடலையை எடுத்துத் தோல் நீக்கி வாயில் போட்டார். அந்த மண்டபத்தில் அந்தக் கடலை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்த கிழமை படிவம் இல்லாமல் தனியாகப் போனேன். அண்ணன் முறை சொல்லி அசனார் காக்கா என்று எல்லாரும் கூப்பிடும் ஐம்பது வயதுக்காரர் கரையில் இருந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். என் படிவத்துக்கு முதலில் பதில் சொன்னவர் அவர்தான்.

"காக்கா, கடன் இல்லை எண்டு சொன்னனீங்கள், என்ன?"

"ஓம் மிஸ். அல்லாட காவலால ஆருக்கும் ஒரு சதம் கடன் இல்ல."

"அப்ப நாளைக்கு வேற ஆளின்ர வலைக்குப் போகலாமோ?"

"அது ஏலாது."

"ஏன்?"

"அட்வான்ஸ் இருக்கே."

"அட்வான்ஸ் எண்டால் கடன்தானே?"

காக்கா ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கம்பஸில் படிப்பிக்கிற மனிசிக்கு இது தெரியவில்லையே என்ற கவலை முகத்தில் தெரிந்தது. "கடன் எண்டா கடையில வாங்குற, மிஸ். அது வெக்கம். அட்வான்ஸ் எண்டா சம்மாட்டி என்னைய நம்பித் தந்த. அது மரியாதை. ரெண்டும் ஒண்டா?"

"எப்ப தந்தவர்?"

"மூத்தவள்ட கலியாணத்துக்கு."

"அவவுக்கு இப்ப எத்தினை பிள்ளையள்?"

"மூணு."

"இன்னும் முடியேல்லையோ?"

"அது முடியிற சாமான் இல்ல மிஸ். அது இருக்கும். வேற சம்மாட்டி வந்து இவருக்குக் கட்டினா நான் அவர்ட ஆள். அவ்வளவுதான்." பிறகு சிரித்தார். "நீங்க கட்டுறீங்களா? உங்கள்ட வலை இருக்கா?"

என்னிடம் வலை இல்லை. நாற்பது கேள்விகள் இருந்தன, அதில் ஒரு சொல் பிழை. திரும்பவும் எல்லாரிடமும் போய், "சம்மாட்டியிட்ட அட்வான்ஸ் இருக்கோ?" என்று கேட்டேன். இல்லாத ஆள் ஒருவரும் இல்லை. என் முதல் கட்டுரை பிழை என்று நானே ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். சஞ்சிகைக்காரர் அதைக் கடைசிப் பக்கத்தில், அஞ்சலிக்குக் கீழே, பொடி எழுத்தில் போட்டார்கள். நான் எழுதியவற்றில் சரியானது அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் நிறுத்தினால் ஆண்டு மலருக்கு நல்ல கட்டுரை. பிழை விட்டாள், பாடம் படித்தாள், திருந்தினாள். ஆனால் நான் திருந்தவில்லை.

டிலானி பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பரீட்சை முடித்து, முதியோர் பராமரிப்பில் ஒரு டிப்ளோமாவும் எடுத்து வைத்திருந்தாள். வெளிநாட்டில் முதியோர் இல்லங்களில் வேலை செய்ய ஆசை. கொழும்புப் பக்கத்தில் ஒரு தனியார் பயிற்சி நிலையம், மொழியும் படிப்பித்து, தங்க இடமும் கொடுத்து, பிறகு அனுப்பிவைப்பதாகச் சொன்னது. முதலில் ஒரு சதமும் தேவையில்லை. அசல் சான்றிதழ்களும் கடவுச்சீட்டும் மட்டும் அவர்களிடம் இருக்க வேண்டும், கோவைக்காக, பைலில் போட்டு வைக்க.

அன்றைக்கு நான் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். என் பணிக்காலத்தின் கடைசிக் கட்டு. எந்தக் கேள்விக்கு விடை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது: 'ஒப்பந்தமும் சுதந்திரமும் – விளக்குக.' டிலானி ஏழு பக்கக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து, கடைசிப் பக்கத்தை மடித்து என் முன்னால் வைத்தாள்.

"அம்மா, இதில பெற்றார் ஒராள் சாட்சிக் கையெழுத்து வைக்கோணுமாம்."

சிவப்புப் பேனா கையில் இருந்ததால் நீலம் ஒன்று தேடினேன். அந்தக் காகிதத்துக்கு நான் செலவழித்த நேரம் அவ்வளவுதான். 'கலாநிதி' என்று பட்டத்தையும் சேர்த்து அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

மொழி வகுப்பு நாலு கிழமை நடந்தது. பிறகு 'செயன்முறைப் பயிற்சி' என்று கொழும்பில் தனியார் முதியோர் இல்லங்களுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் என்றது எட்டு மாதமாகியது. நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் கேட்பேன்: "காசு தட்டுப்பாடோ? கடன் கிடன் வாங்கினியோ?" அவள் இல்லையம்மா என்பாள். எனக்கு நிம்மதி.

கண்டுபிடித்தது நான் இல்லை, என் கணவர். லீவில் வந்த பிள்ளை சோறு பிசைவதைப் பார்த்துவிட்டு, "கையைக் காட்டு," என்றார். விரல் இடுக்கெல்லாம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது. "உது சோப்புக் கை. ஒரு நாளைக்கு எத்தினை மணித்தியாலம் வேலை செய்யிறாய்?"

பதின்மூன்று. பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கட்டிலுக்குக் கழிவு, சாப்பாட்டுக்குக் கழிவு, சீருடைக்குக் கழிவு, மொழி படிப்பித்த ஆசிரியைக்குக் கழிவு. விட்டு வருவதென்றால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்ட வேண்டும். கட்டும்வரை சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் வேறு எங்கும் வேலை கேட்க முடியாது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீங்கள் கடன் இருக்கோ எண்டுதானே கேட்டியள்? கடன் இல்லையம்மா. அது ட்ரெயினிங் கொஸ்ட். அவையள் எங்களில நம்பிக்கை வச்சுச் செலவழிச்சதாம்."

கணவர் கை கழுவிக்கொண்டு வந்து, "நீர் முப்பது வருசமாய் இதைத்தானே படிச்சனீர்?" என்று கேட்டார். குத்திக் கதைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நானும் டிலானியும் கொழும்புக்குப் போனோம். மாடியில் அலுவலகம். பொறுப்பாக இருந்தது முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நல்ல தமிழ், நல்ல சிரிப்பு. உள்ளே போனதும் எனக்குக் கதிரை இழுத்துத் தந்தாள். ஒப்பந்தத்தைக் கேட்டேன். தந்தாள். பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன். சாட்சி: நான்.

"அன்ரி கலாநிதி எண்டு போட்டிருக்கிறீங்கள்," என்றாள். "வாசிச்சுப் பாத்துத்தானே போட்டிருப்பீங்கள்?"

நான் பக்கத்தைப் புரட்டி, விட்டுப் போவதைப் பற்றிய வாசகத்தைத் தேடி எடுத்தேன். 'பயிலுநர் விலகுமிடத்து, நிருவாகத்தால் தீர்மானிக்கப்படும் செலவு அறவிடப்படும்.'

"ஆர் தீர்மானிக்கிறது?" என்றேன்.

"மனேஜ்மென்ட்."

"மனேஜ்மென்ட் எண்டால் ஆர்? ஒரு பெயர் சொல்லுங்கோ."

"மனேஜ்மென்ட் எண்டால் மனேஜ்மென்ட்தான் அன்ரி."

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அவளுக்குப் பத்து நிமிடம் அமெரிக்கப் பொருளாதார வரலாறு படிப்பித்தேன். பருத்தி, கடை, கணக்குப் புத்தகம், முதல் உரிமை, எல்லாம் சொன்னேன். என் கடைசி விரிவுரை அதுதான். அவள் கன்னத்தில் கைவைத்து மிகக் கவனமாகக் கேட்டாள். அந்த மூன்று மாணவர்களும் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. முடிந்ததும், "நல்ல இன்ட்ரஸ்டிங் அன்ரி. தேத்தண்ணி குடிப்பீங்களோ?" என்றாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே டிலானி தன் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் அவளைப் போல இன்னும் நாலு பிள்ளைகள். ஐந்து பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டத்தரணியிடம் போயிருக்கலாம். போலீசுக்குப் போயிருக்கலாம். அந்தக் காகிதம் சட்டப்படி நிற்குமா என்பதே சந்தேகம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். எல்லாம் எனக்கும் தெரியும். நான் கட்டினேன். ஓய்வூதியப் பணிக்கொடையில் ஒரு பங்கை எடுத்து, அந்தப் பெண் காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டுக் கட்டினேன். என் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: 'பெரும்பாலான குடும்பங்கள் எதிர்ப்பின்றி இக்கணக்கை ஏற்றுக்கொண்டன.' அதை எழுதிய பெண்ணைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருக்கிறது. எதிர்ப்பின்றியாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் பிள்ளை இருந்தால் நீ எதிர்த்துப் பார்.

மற்ற நாலு பேருக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை. பிறகு முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அது விசாரணையில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினேன்.

சான்றிதழ்களும் கடவுச்சீட்டும் இருந்த கோவையைப் பயணம் முழுவதும் என் மடியில் வைத்திருந்தேன். திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கியதும், வழக்கம்போல் சுற்றித் திரியும் மான்களில் ஒன்று வந்து கோவையின் மூலையை மோந்து பார்த்தது. குடையால் அதற்கு ஒன்று வைத்தேன். டிலானி எட்டு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் கோவையை என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள்.

பிள்ளை நாலைந்து நாள் நித்திரை கொண்டாள். கை ஆறியது. ஒரு மாதம் போனதும், கொழும்பில் ஒரு மருத்துவமனையில் இருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. ஒரு வருடம் அங்கே வேலை செய்துவிட்டு, முறையான வழியில் வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பாளாம். அசல் சான்றிதழ்கள் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"போட்டோக்கொப்பி காணாதோ?" என்றேன்.

"ஒரிஜினலும் பாக்கோணுமாம்."

"முதல்ல ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லு. நான் வாசிச்சுப் பாக்கிறன்."

"வேலையே இன்னும் கிடைக்கேல்லை அம்மா. ஒப்பந்தம் எங்கால?"

அடுத்த நாள் கேட்டபோது, அலுமாரிப் பூட்டின் திறப்பைக் காணவில்லை என்றேன். அதற்கு அடுத்த நாள், வெளிநாட்டுக்கும் கொழும்புக்கும் என்ன அவசரம், உப்புவெளியில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் தேடுகிறார்களாம் என்றேன். நான் சொன்ன ஒவ்வொரு காரணமும் நியாயமான காரணம். கணவர் வேலைக்குப் புறப்படும்போது சப்பாத்துக் கட்டிக்கொண்டே கேட்டார்: "சான்றிதழ் பூட்டி வச்சிருக்கிற உம்மட ஒபிஸ் எத்தினை மணிக்குத் திறக்கும்?" நான் அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் டிலானி வந்து நின்றாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அம்மா, நான் எப்ப போகலாம்? ஒரு திகதி சொல்லுங்கோ. அந்தத் திகதி வரைக்கும் கேக்க மாட்டன்."

என்னால் ஒரு திகதி சொல்ல ஏலவில்லை. பாதுகாப்புக்குத்தானே என்று தொடங்கினேன். நான் வாசித்த காணிக்காரர்கள் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் அந்தச் சொல் இருந்தது. எங்கள் ஆட்களை நாங்கள் பாதுகாக்கிறோம், வெளியே போனால் கெட்டுப்போவார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பாதிப்பேர் அதை நம்பியே எழுதியிருப்பார்கள் என்று அன்று அடுப்படியில் நிற்கும்போது தோன்றியது. அது எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது.

போன திங்கட்கிழமை காலை கோவையை எடுத்து அவள் முன்னால் மேசையில் வைத்தேன். கணவர் வாசலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுக்கொண்டு இருந்தார். பஸ்ஸுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. டிலானி கோவையை அப்படியே பைக்குள் வைக்கவில்லை. இருந்து, திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பிறப்புச் சான்றிதழ். சாதாரண தரம். உயர்தரம். டிப்ளோமா. ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். என்னையும் நம்பவில்லையோ என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"பாஸ்போட்?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

நான் குசினிக்குள் போனேன். முதல் நாள் பின்னேரம் நானே அதை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

"எங்கயோ விழுந்திட்டுது போல," என்றேன்.

அட்டையில் ஒட்டியிருந்த தவிட்டை அவள் கைலேஞ்சியால் துடைத்தாள். திறந்து, தன் படத்தை ஒருமுறை பார்த்து, பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தாள்.

"ஓம். விழுந்திருக்கும்," என்றாள்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். முத்தம் தரப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா, கொஞ்சம் விலகுங்கோ."

நான் வாசற்கதவை மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விலகினேன்.